தொலைக்காட்சி நேரலைக்கு எந்த இசை நாடகம்?

முதலில் பாட்டுகளைப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு நான்கு பாட்டாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2013 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்.பி.சி. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கை நேரலைக்கு எடுத்தது இந்த வகையில் சரியான தேர்வு. ஆனால் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் இல்லாத அந்த வெறுமை எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2016-இல் இன்னொரு அமெரிக்கத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் ‘கிரீஸ்’ செய்தபோது கூட்டத்தை உள்ளே விட்டார்கள், உயிர் வந்துவிட்டது! ஆகவே கூட்டத்தோடு கலந்து ஆடத்தக்க கதையே என் முதல் தேர்வு.

விளம்பர இடைவேளைகளைப் பிரதியில் குறித்துப் பாருங்கள். உச்சக் காட்சி அறுபட்டால் அந்த நாடகம் வேண்டாம்.

அப்புறம் உரிமை, நேர அளவு. மாற்று நடிகர்கள் கிடைப்பார்களா என்றும் கேளுங்கள். 2019-இல் ஃபாக்ஸின் ‘ரென்ட்’ நேரலைக்கு முன் நடிகர் ஒருவரின் பாதம் முறிந்ததால், பெரும்பாலும் ஒத்திகைப் பதிவுதான் ஒளிபரப்பானது.