ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைக் கவனித்துத் தொகுப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களில் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்கிறார்கள். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பாடநூல் வழியாகவே அறிகிறார்கள். சொற்களின் பொருள் அவர்களுக்குத் தெரியும். எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். கனமழை ஆங்கிலத்தில் ‘ஹெவி ரெயின்’. கடுப்பமான தேநீர் ‘ஸ்ட்ராங் டீ’. ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆயினும் ஆங்கிலேயர் காதுக்கு அது ஒட்டாது. இத்தகைய சேர்க்கைகளுக்கு விதி இல்லாததால், கேட்டும் படித்தும் தொகுத்துக்கொள்வதே வழி.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தனிச்சொல்லை எழுதாமல், முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு முழுத் தொடரையும், அதைக் கேட்ட இடத்தையும் எழுதுங்கள். ரயில் நிலையத்தில் ‘இஸ் ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்’ என்ற அறிவிப்பைக் கேட்டால், ‘லேட்’ என்ற சொல்லில் புதிதாக ஒன்றும் இல்லை. அதனோடு ‘ரன்னிங்’ சேர்வதும், நேர அளவுக்கு முன்னால் ‘பை’ வருவதுமே குறித்துக்கொள்ள வேண்டியவை.

அதிகக் கவனம் வேண்டுவது வினைச்சொற்களில். பேச்சுத்தமிழில் எந்த ஆங்கிலச் சொல்லோடும் ‘பண்ணு’ சேர்த்தால் வினை ஆகிவிடும். மலையாளத்தில் ‘செய்யுக’ அந்த வேலையைச் செய்கிறது. ஆங்கிலமோ அதைப் பல வினைகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது: வீட்டுப்பாடத்துக்கு ‘டூ’, தவறுக்கு ‘மேக்’, புகைப்படத்துக்கு ‘டேக்’, அறிவுரைக்குக் ‘கிவ்’, உரையாடலுக்கு ‘ஹேவ்’. இந்த ஐந்துக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். அவை விரைவிலேயே நிரம்பும்.

சில சேர்க்கைகள் நம் மொழிகளிலிருந்தே ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. தமிழில் தேர்வு எழுதுகிறோம், மலையாளத்தில் பரீட்சை எழுதுகிறார்கள், தெலுங்கிலும் ‘ராயு’ என்றே சொல்கிறார்கள். ஆகவே ‘ரைட் ஆன் எக்ஸாம்’ நமக்கு இயல்பாக வருகிறது. அமெரிக்காவில் ‘டேக்’ என்பார்கள்; பிரிட்டனில் ‘சிட்’ என்பதும் உண்டு; கனடாவில் நம்மைப் போல ‘ரைட்’ என்றே சொல்லுகிறார்கள். எனவே பிள்ளைகள் எழுதும் ‘ரைட்’டைச் சிவப்பு மையால் அடிப்பது நியாயமன்று என்றே நான் கருதுகிறேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ வேறு வகை. ‘பற்றி’ என்ற உருபின் பழக்கத்தால் நாம் சேர்க்கும் ‘அபவுட்’டைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிழையாகவே கொள்வார்கள், தேர்வுத்தாளில் அதை விட்டுவிடுவதே நல்லது.

தொகுத்தவற்றைச் சரிபார்க்க கூகுள் 2010-இல் வெளியிட்ட என்கிராம் வியூவர் என்ற இணையக் கருவி உதவும். இரண்டு தொடர்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால், அச்சான நூல்களில் எது எந்த ஆண்டில் எவ்வளவு வழங்கியது என்று கோடுகளாக வரைந்து காட்டும். பிரிட்டிஷ், அமெரிக்க நூல்களைத் தனித்தனியாகவும் பார்க்கலாம். ‘டேக் எ’ என்று எழுதி அடுத்து ஒரு நட்சத்திரக் குறி இட்டால், அங்கே மிகுதியாக வரும் பத்துச் சொற்களைத் தரும். ஐந்து சொற்களுக்கு மேல் நீளும் தொடரை அது ஏற்காது.

அது நூல்களின் மொழி மட்டுமே. இந்திய ஆங்கிலத்துக்கு அதில் தனிப் பிரிவும் இல்லை. அக்குறையை நிரப்புவது மொழியியலாளர் மார்க் டேவிஸ் உருவாக்கிய குளோபல் வெப்-பேஸ்டு இங்கிலீஷ் என்ற தொகுப்பு. இந்தியா உட்பட 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து திரட்டிய சுமார் 190 கோடிச் சொற்கள் அதில் உள்ளன. தேடும் தொடர் எந்த நாட்டில் எத்தனை முறை வருகிறது என்பதை நாடுவாரியாகக் காட்டும். இந்தியாவில் மிகுந்தும் பிற நாடுகளில் அருகியும் வரும் தொடருக்கு நோட்டில் ஒரு குறி இட்டுவையுங்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது எதை மாற்ற வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.