செம்மண் கொல்லையில் டிடெக்டர் ஓயாமல் கத்தினால்

காரைக்குடிப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் மண்ணுக்குள் உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டரை இறக்கியதுமே விடாமல் கீச்சிட்டது. கருவியில் பழுது இல்லை. இங்கே செம்புறாங்கல் மண். அதிலுள்ள இரும்புச் சத்தே காயிலை, அதாவது உலோகத்தை உணரும் கம்பிச் சுருளை, குழப்புகிறது.

உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலை ஒரு சாண் உயரத்துக்கும் தரைக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டே, சத்தம் அடங்கும்வரை, மண்ணால் வரும் சத்தத்தை விலக்கும் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழைத் திருகினேன். அப்புறம் சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) கொஞ்சம் குறைத்தேன். ஆழம் குறையும்தான், ஓயாமல் கத்துகிற கருவிக்கு ஆழம் இருந்து என்ன பிரயோசனம்? சின்னக் காயிலை மாட்டியதும் சரளைக்கு நடுவிலும் ஒவ்வொரு உலோகத் துண்டின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. உழுது கட்டி கிடக்கும்போது போகாதீர்கள், காயில் தரையை ஒட்டி நகராது. ஒரு மழை பெய்து மண் அமரட்டும்.

வாங்கும்போது கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். விலை குறைந்த பலவற்றில் அது இருக்காது.

கிடைத்தவை: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த மாட்டு லாடம், உடைந்த கொழுமுனை, பச்சை பூத்த ஓட்டைக் காலணா. "புதையல் எங்கடா?" என்று சித்தப்பா கிண்டலடித்தார். அப்படிப் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.