தாங் காலத்துத் துப்பறியும் கதை: கொங்கிலிருந்து எழுதுபவருக்கு

கோவையிலோ ஈரோட்டிலோ உட்கார்ந்து பழைய சீனத்துக் கொலைக் கதை எழுத முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள். 'பழங்காலச் சீனா' என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பித்தால், சட்டம் ஒரு நூற்றாண்டிலும் நாற்காலி இன்னொரு நூற்றாண்டிலும் போய் நிற்கும். புதியவருக்குத் தோதானது தாங் ஆட்சி (618–907). 653-இல் உரையோடு வெளியான அந்தக் காலச் சட்டத்தொகுப்பு, 502 பிரிவுகளும் சிதையாமல், இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தி ரென்ஜியே (630–700) என்ற நிஜ அதிகாரியை நாயகனாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அவர் எந்த வருடம் எங்கே பதவியில் இருந்தார் என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதற்குள் உங்கள் கதையைத் திணிக்க வேண்டிவரும். கற்பனை நடுவர், கற்பனை ஊர், கி.பி. 680 என்று வைத்துக்கொண்டால் கை வீசி எழுதலாம்.

தாலுகா போன்ற ஒரு வட்டத்தை ஆளும் அதிகாரியான வட்ட நடுவர்தான் அங்கே போலீஸ், புலனாய்வு, நீதிமன்றம் எல்லாம். வக்கீல் கிடையாது. சொந்த ஊர்ப் பகுதியில் அவருக்குப் பதவி தரமாட்டார்கள். சில வருடங்களில் மாற்றலும் வந்துவிடும். அவருக்குக் கீழே உள்ள எழுத்தர்களும் காவலர்களும் உள்ளூர்க்காரர்கள். வடக்கிலிருந்து வந்த கலெக்டரும் மூன்று தலைமுறையாக அதே ஊரில் இருக்கும் தலையாரியும் போல. அந்த இடைவெளியிலிருந்தே பாதிக் கதை கிடைத்துவிடும்.

அடுத்து, நடுவரால் என்னென்ன செய்ய முடியாது என்று ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். கழியடி வரையிலான தண்டனையை மட்டும்தான் அவரே முடித்துவைக்கலாம். அதற்கு மேல் கட்டாய உழைப்பு, நாடுகடத்தல், மரணம் எல்லாம் மேலிடத்துக்குப் போக வேண்டும். மரண தண்டனை பேரரசர் வரை போகும். போனாலும், மிகக் கொடிய குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு, வசந்தத் தொடக்கத்திலிருந்து இலையுதிர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் வரை தலை வாங்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் நடுவர் கையசைத்ததும் தலை உருள்வது சினிமாவுக்குத்தான் சரி.

சித்திரவதைக்கும் கணக்கு உண்டு. மொத்தம் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 நாள், எல்லாம் சேர்ந்து 200 அடிக்கு மேல் போகக் கூடாது. அதுவரை ஒப்புக்கொள்ளாதவனை ஜாமீனில் விட்டுவிட்டு, புகார் கொடுத்தவனை அடித்து விசாரிக்கலாம். பொய்ப் புகார் என்று தெரிந்தால், எந்தக் குற்றத்தைச் சுமத்தினானோ அதற்குரிய தண்டனை அவன் தலையிலேயே விழும். 70 வயதைத் தொட்டவர்களையும் 15 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களையும் அடிக்கவே கூடாது. அவர்களைக் குற்றவாளி என்று சொல்லக் குறைந்தது மூன்று சாட்சிகள் வேண்டும்.

இந்த விதிகளை அலங்காரமாகத் தூவாதீர்கள். சதியையே இவற்றைக் கொண்டு கட்டுங்கள். ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்.

பட்டு வியாபாரி ஒருவர் இரவில் கொலையாகிறார். 50 சரம் காசு காணோம். 71 வயதுக் கணக்கப்பிள்ளைதான் கொன்றார் என்று வியாபாரியின் மருமகன் புகார் கொடுக்கிறான். கிழவரை அடிக்க முடியாது. அதனால் மருமகன் மூன்று சாட்சிகளை விலைக்கு வாங்குகிறான். இரண்டு பேர் கெட்டி, மூன்றாமவன் பயந்தாங்கொள்ளி. மூவரையும் தனித்தனியே வைத்து விசாரிப்பது ஒரு நல்ல காட்சி.

காசை எடைபோடுங்கள். 621-லிருந்து புழங்கிய வட்டக் காசு, நடுவே சதுர ஓட்டை, ஒன்று ஏறக்குறைய 4 கிராம். சரத்துக்கு 1000 காசு, ஆக 4 கிலோ. 50 சரம் 200 கிலோ. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமப்பவரும் ஒரே நடையில் தூக்க முடியாத பாரம். வண்டி வேண்டும். ஆனால் இரவில் முரசு அடித்ததும், மதில் சூழ்ந்த பேட்டைகளின் கதவுகள் சாத்தப்படும். சாவி பேட்டைத் தலைவரிடம். வெளித்தெருவில் அகப்பட்டால் மெல்லிய கழியால் 20 அடி. கல்யாணம், சாவு, நோய், அவசர அரசு வேலை என்றால் சீட்டு வாங்கிப் போகலாம். பேட்டைக்குள் நடமாடத் தடையில்லை. ஆகவே காசு அந்தப் பேட்டையைத் தாண்டியிருக்க முடியாது. நடுவர் இதை எடையிலிருந்தே ஊகிக்கட்டும். இதற்காக, திருட்டுப் போன தொகையை இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எடையை மட்டும் சொல்லாதீர்கள்.

அன்றிரவு கதவைத் தாண்டி வந்துபோனவர் ஒருவர்தான்: நோயாளிக்கென்று சீட்டு வாங்கி வரவழைத்த வைத்தியர். அவரை மாட்டிவிடும் தடயம் நம் ஊருக்கு நெருக்கமானது. அன்றுதான் வெள்ளையடித்த பின்கட்டுச் சுவரில் ஒரு சிவப்புக் கைத்தடம். எல்லோரும் ரத்தம் என்கிறார்கள். மருந்தரைத்த மஞ்சள் கை, ஈரச் சுண்ணாம்பில் பட்டதால் வந்த நிறம் அது. சீனத்தில் மஞ்சளா என்று யாராவது கேட்டால், 659-இல் அரசு தொகுத்த மருந்து நூலிலேயே இருக்கிறது. ஆனால் ஆரத்தி பார்த்து வளர்ந்த நம் வாசகர் மஞ்சள், சுண்ணாம்பு இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்தால் அந்த வரியிலேயே பிடித்துவிடுவார். வெள்ளையடித்ததை ஒரு வேலைக்காரியின் புலம்பலில் புதையுங்கள். வைத்தியரின் மஞ்சள் விரல்களை ஆறேழு பக்கம் தள்ளி வையுங்கள்.

திருப்பூர்க்காரர்கள் வழுக்கும் இடம் துணி. பருத்தி நூல், பனியன் போன்ற பின்னல், பஞ்சுப் பொதி எல்லாம் கைவசம் உள்ள அறிவு என்பதால் தானாகவே கதைக்குள் வந்துவிடும். மத்தியச் சீனத்தில் பருத்தி பரவலானது பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். தாங் காலத்து ஏழைக்குச் சணல் வகைத் துணி, வசதியுள்ளவனுக்குப் பட்டு. மிளகாய், சோளக்கதிர் என்கிற மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, புகையிலை எதுவும் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது. ஆண்களின் பின்னல் சடை 1644-க்குப் பிறகு வந்தது. தேயிலையைக் கட்டியாக்கி, பொடித்துக் கொதிக்கவைத்தார்கள். விருந்தாளி பாயிலோ தாழ்ந்த மேடையிலோ உட்காரட்டும். நாற்காலி வீட்டுப் பொருளானது பின்னால் வந்த சோங் ஆட்சிக் காலத்தில் (960–1279).

பிணப் பரிசோதனைக்கு எல்லோரும் ஓடுவது 1247-இல் சோங் சி எழுதிய நூலுக்கு. அருவாள்களை வரிசையாகப் போட்டு, ஈ மொய்த்ததை வைத்துக் கொலைகாரனைப் பிடித்த கதை அதில்தான் இருக்கிறது. அடித்துத் துவைத்த துணி அது, விட்டுவிடுங்கள். 680-இல் நடக்கும் கதையில் அந்த நூலைக் காட்டவும் கூடாது. எரிந்த பிணத்தின் வாயில் சாம்பல் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிடப் பழைய முறை. மூன்றாம் நூற்றாண்டில் ஜாங் ஜூ என்ற நடுவர், உயிருள்ள பன்றியையும் கொன்ற பன்றியையும் எரித்து இதை நிரூபித்தார் என்பார்கள். வெள்ளி ஊசி கறுத்தால் விஷம் என்ற நம்பிக்கையைப் பொய்த் தடயமாக மட்டும் வையுங்கள். வெள்ளியைக் கறுக்கவைப்பது கந்தகம். முட்டைக் கருவும் அதைச் செய்யும்.

நேரம் எளிது. பகலும் இரவும் சேர்ந்து 12 பொழுது, ஒவ்வொன்றும் நம் கணக்கில் 5 நாழிகை. இரவுக்கு மட்டும் ஐந்து காவல் வேளை. இவற்றைச் 'சாமம்' என்று எழுதினால் குழப்பம் வரும். நம் சாமம் மூன்று மணி, அவர்களுடையது ஏறக்குறைய இரண்டு.

பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். கல்யாணமானாலும் பெண் தன் அப்பன் குடும்பப் பெயரையே வைத்திருப்பாள். ஜாங், ஜாவ், ஜெங், ஜோவ் என்று நாலு பேரை உலவவிட்டால் யார் செத்தது என்று வாசகருக்கு மறந்துபோகும். வாங், லியூ, மா, சென், ஹூ, தெங் என முதலெழுத்து மாறட்டும். காவலன் "ஏனுங்க, வந்துட்டனுங்க" என்றால் கதை கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்துவிடும். பொதுத் தமிழில் 'ஐயா' போதும். 'யுவர் ஹானர்' வாடையடிக்கும் 'கனம் நீதிபதி அவர்களே' வேண்டவே வேண்டாம்.

4000 சொல் சிறுகதைக்கு ஒரு வழக்கு, ஆறு பெயர், மூன்று தடயம் போதும். முதல் 400 சொல்லுக்குள் பிணம் விழட்டும். முடிச்சை அவிழ்க்கும் தடயத்தை, அவிழ்வதற்கு முன் இரண்டு தடவையாவது வாசகர் கண்ணில் காட்டியிருக்க வேண்டும். அதில் ஒரு தடவை வேறு காரணத்துக்காகக் காட்டுவதுபோல் இருக்கட்டும்.