லினக்ஸில் மென்பொருள் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள் பழைய பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் உடனே பிரவுசரைத் திறந்து எங்கிருந்தாவது ஒரு கோப்பைப் பதிவிறக்குவார்கள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என எந்த லினக்ஸ் வகையானாலும் முதலில் தேட வேண்டிய இடம் அதனதன் களஞ்சியம்தான், அதாவது அதை உருவாக்குபவர்கள் மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கு. அங்கிருந்து வரும் பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள்) டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே நிறுவப்படும். கணினியைப் புதுப்பிக்கும்போது அவையும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும். வெளியிலிருந்து இறக்கிய டெப் கோப்புக்கு (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் கோப்பு) பெரும்பாலும் இந்த இரண்டும் கிடையாது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்த புதிய பதிப்பு வந்த பிறகும் உங்களிடம் பழையதே கிடக்கும்.

களஞ்சியத்தில் இருப்பது ரொம்பப் பழைய பதிப்பு என்றால் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஓடும் ஃபிளாட்பேக் வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். தனக்குத் தேவையான லைப்ரரிகளை (துணை நிரல்களை) அது தனியாக வைத்துக்கொள்வதால் மற்ற பேக்கேஜ்களோடு மோதாது. அதை விட்டுவிட்டு டெபியனில் உபுண்டுவுக்காகத் தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் பிபிஏ என்ற களஞ்சியத்தைச் சேர்க்காதீர்கள். இன்று வேலை செய்தாலும் அடுத்த அப்கிரேடில் சிக்கிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு திரையில் வருவதைப் படிக்காமல் ‘ஒய்’ (சரி) தட்டுவதுதான். டெபியன், உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளையான ஆப்ட் எதையாவது நீக்கப் போகிறது என்றால் அந்தப் பட்டியலை முதலிலேயே காட்டிவிடும். 2021இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில், கேம்களுக்கான ஸ்டீம் செயலியை நிறுவப் போன ஒரு யூடியூபருக்கு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். சார்புகளில் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான பிற பேக்கேஜ்களில்) இருந்த முரண்பாட்டால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. எச்சரித்தது, ‘யெஸ், டூ ஆஸ் ஐ ஸே!’ (ஆம், நான் சொல்வதைச் செய்!) என்று முழுதாகத் தட்டச்சு செய்யவும் சொன்னது. அவரும் தட்டினார், டெஸ்க்டாப் போனது. பிழை பேக்கேஜில்தான் இருந்தது, ஆனால் நீக்கப்போகும் பட்டியல் கண்ணெதிரே இருந்தது. சின்னதாக ஒரு மென்பொருள் கேட்டதற்கு அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்புக்கே அடிப்படையான க்னோம் ஷெல், எக்ஸார்க் போன்ற பெயர்கள் வந்தால் யோசிக்காமல் ‘என்’ (வேண்டாம்) தட்டுங்கள். எங்கோ பார்த்துக் காப்பி செய்த கட்டளையில் ‘-ஒய்’ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கேள்வியே வராது.

ஒரு ஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கி நேராக சூடோ பேஷுக்கு (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்கும் நிரலுக்கு) அனுப்பும் ஒருவரிக் கட்டளைகளும் ஆபத்துதான். முதலில் கோப்பாகச் சேமியுங்கள், திறந்து படியுங்கள், அப்புறம் இயக்குங்கள்.

பைத்தான் பயன்படுத்துபவர்கள் நிர்வாகி அதிகாரத்தோடு பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் ‘சூடோ பிப்’ பக்கமே போக வேண்டாம். கணினியின் சில கருவிகளே பைத்தானை நம்பி இருக்கின்றன, அவை உடைந்துபோகலாம். 2023இல் வந்த டெபியன் 12 முதல் பிப் இப்படி நிறுவ மறுத்துவிடுகிறது. அந்தத் தடையை மீற வழி தேடாமல் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த வேலைக்கென ஒரு தனி பைத்தான் இடம்) உருவாக்குங்கள், அல்லது பைத்தான் செயலிகளைத் தனித்தனியாக நிறுவும் பிப்எக்ஸ் போதும்.

கடைசியாக, ‘லாக்’ (ஒரே நேரத்தில் ஒரு நிரல் மட்டும் நிறுவ வைக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்ற பிழை. பெரும்பாலும் தானியங்கிப் புதுப்பிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்டால் பேக்கேஜ் தரவுத்தளமே கெட்டுப்போகலாம். சில நிமிடங்கள் பொறுங்கள். நடுவில் மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றிருந்தால், ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளை விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும்.