சதுப்புக் காட்டில் பெரிய கேமரா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மயாமியிலிருந்து மேற்கே டாமியாமி டிரெயில் சாலையில் ஒரு மணி நேரம் போனால் இரு பக்கமும் பிக் சைப்ரஸ் சதுப்புக் காடு வந்துவிடும். சதுப்பின் குறுக்கே மண்ணைக் கொட்டி 1928-இல் திறந்த சாலை அது. அந்த மண்ணைத் தோண்டி எடுத்த பள்ளம்தான் இன்று சாலையை ஒட்டி ஓடும் கால்வாய். படம் எடுக்க வருகிறவர்களில் நிறையப் பேர் காரை ஓரங்கட்டி, கால்வாய்க்கு இந்தப் பக்கம் ட்ரைபாடை விரித்து, அந்தப் பக்கத்துக் காட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான்.

சாலையிலிருந்து பார்த்தால் சதுப்பு வெறும் பச்சைச் சுவர். விளிம்பில் வெயில் நன்றாகப் படுவதால் அங்கே புதர் மண்டிக் கிடக்கும். அதை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் உள்ளே போய்விட்டால் எல்லாமே மாறிவிடுகிறது. சைப்ரஸ் மரங்கள் கோயில் தூண்கள் போல வரிசை வரிசையாக நிற்கும். முழங்கால் அளவுக்குத் தண்ணீர், பால் விடாத தேநீர் நிறத்தில், அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். வானத்திலிருந்து விழுந்த மழைநீர் அது. சுண்ணாம்புப் பாறையின் மேல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தெற்கே கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. சதுப்பு என்றதும் நாறும் சகதிதான் நம் மனதில் வரும். இங்கே அப்படி இல்லை.

வெளியே நின்று பார்த்தவர்கள் இதை வீண் நிலம் என்றுதான் நினைத்தார்கள். தெற்கு ஃபுளோரிடாவின் பெரும் சதுப்பான பழைய எவர்கிளேட்ஸில் ஏறக்குறைய பாதியை வடிகால் வெட்டி வற்றவைத்துவிட்டார்கள். பிக் சைப்ரஸின் நடுவே 1968-இல் ஒரு பிரம்மாண்டமான விமான நிலையம் கட்டத் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதால் ஒரே ஓர் ஓடுபாதையோடு நிறுத்தினார்கள். 1974-இல் இது தேசியப் பாதுகாப்புப் பகுதியானது. அதனால்தான் உள்ளே இறங்கி எடுக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சாலையிலிருந்து எடுத்த படம் அந்தப் பழைய எண்ணத்துக்கே சாட்சி சொல்லும்.

உள்ளே இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் கிளைட் புட்சரின் படங்கள் போதும். 1942-இல் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. நெடுங்காலம் வண்ணப் படங்கள் எடுத்து விற்றவர். 1986-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவரால் மகனை இழந்தார். அந்தத் துயரத்தோடு சதுப்புக்குள் போனவர், அதன்பின் பெரிய அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மாறிவிட்டார். 8×10 இஞ்ச், 12×20 இஞ்ச் ஃபிலிம் போடும் கேமராக்களை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திப் படம் எடுத்தார். அவருடைய காட்சிக்கூடமும் அந்த டாமியாமி சாலையில், பிக் சைப்ரஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆளுயரப் பிரதிகளின் முன்னால் நின்றால் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரியும். என்னை 4×5 இஞ்ச் ஃபிலிம் போடும் கேமரா வாங்க வைத்தது அந்தப் பிரதிகள் தொங்கிய சுவர்தான்.

சரி, இறங்கிவிட்டோம். எப்போது இறங்குவது? சைப்ரஸ் ஊசியிலை மரம்தான் என்றாலும் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் அக்டோபர் வரை மழை. கொசுவுக்கும் வெயிலுக்கும் பயந்து எல்லோரும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறார்கள். அப்போது பல இடங்களில் தண்ணீர் இறங்கிப்போயிருக்கும், பிரதிபலிப்பு இருக்காது. நடுக்கோடையில் வந்தால் தண்ணீர் உண்டு, ஆனால் மேலே இலை அடர்ந்து கீழே இருட்டு. நவம்பர், டிசம்பர்தான் எனக்குப் பிடித்தது. மழைக்காலத் தண்ணீர் இன்னும் நிற்கும், இலை உதிரத் தொடங்கி வெளிச்சம் அடிவரை இறங்கும். மேகங்கள்தான் வேண்டுமென்றால் கோடைதான். மதியத்துக்கு மேல் ரம்பப்புல் வெளிக்கு மேலே எழும் இடிமேகங்களைப் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வெளியில் இடி கேட்டபிறகும் ட்ரைபாடோடு நின்றுகொண்டிருப்பது உயிருக்கு ஆபத்து. சுற்றிலும் உயரமாக இருப்பது நீங்கள் மட்டுமே.

அடுத்தது ட்ரைபாட். காலை விரித்துத் தண்ணீரில் வைத்தால் நிற்கத்தான் செய்யும். அதை நம்பி வேலையைத் தொடங்கிவிடுகிறோம். அடியில் இருப்பது மக்கிய இலையும் உளையும். பத்து நிமிடத்தில் ஒரு கால் அரை இஞ்ச் இறங்கியிருக்கும். ஒவ்வொரு காலையும் உங்கள் எடையைப் போட்டு அழுத்துங்கள். பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். தட்டாத இடத்தில் அகலமான பலகைத் துண்டுகளைக் காலுக்கடியில் வைக்கலாம். அப்புறம் சில நிமிடம் சும்மா விட்டுவிட்டுத் திரும்பவும் மட்டம் பாருங்கள். உங்கள் கால் ட்ரைபாட் காலுக்கு அருகே இருக்கவே கூடாது. நீங்கள் எடை மாற்றி நின்றாலே அந்த உளை அசையும், அதோடு கேமராவும் அசையும். ஃபிலிம் தாளை வைத்திருக்கும் சட்டமான ஹோல்டரைச் செருகும்போது கேமரா நகர்ந்துவிடுவதும் சகஜம், அதைப் பலர் கவனிப்பதில்லை. நான் ஹோல்டரை ஒருமுறை செருகி எடுத்து, ஃபோகஸைத் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் ஷட்டரை மூடுகிறேன்.

நடந்து வந்த அலை அடங்கவும் நேரம் வேண்டும். மரங்களுக்கிடையே போய் மோதித் திரும்பி வரும் சிற்றலைகள் கிரவுண்ட் கிளாஸில், அதாவது கேமராவின் பின்பக்கம் காட்சி விழும் மங்கல் கண்ணாடியில் தெரியாது, ஃபிலிமில் தெரியும். நீங்கள் மிதித்துக் கிளப்பிய குமிழிகளும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஐந்து நிமிடம் மரம் மாதிரி நிற்கப் பழகுங்கள்.

இனி, பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் ஆசையாகச் செய்யும் தவறு: லென்ஸைச் சாய்ப்பது. லென்ஸை முன்னோக்கிச் சாய்த்தால் காலடியிலிருந்து தொடுவானம் வரை கூர்மையாகிவிடும் என்று புத்தகங்களில் படித்திருப்போம். புல்வெளிக்கும் பாலைவனத்துக்கும் அது சரி. சாய்ப்பதால் கூர்மையின் தளம் படுக்கிறது, அவ்வளவுதான். சதுப்பில் தரை படுத்திருக்கிறது, மரங்களோ செங்குத்தாக நிற்கின்றன. தண்ணீரோடு தளத்தைப் படுக்க வைத்தால், பத்தடி தூரத்தில் நிற்கும் சைப்ரஸின் அடி கூர்மையாகவும் உச்சி பஞ்சு போலவும் வரும். சிறிய கிரவுண்ட் கிளாஸில் இது தெரியாது. பிரதியைப் பெரிதாக்கியபிறகு தெரிந்து என்ன பயன்? காட்டுக்குள்ளே நான் பெரும்பாலும் சாய்ப்பதே இல்லை. அகலக் கோண லென்ஸ், லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கும் எஃப் 32 அல்லது எஃப் 45, இவற்றை நம்புகிறேன். துளை சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து கூர்மை கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் பெரிய ஃபிலிமைக் குறைவாகத்தான் பெரிதாக்குகிறோம், அந்த இழப்பைத் தாங்கலாம். ஃபோகஸுக்கு வெளியே போன மரத்தை எதுவும் காப்பாற்றாது.

அதேபோல் மரத்தின் உச்சி வேண்டும் என்பதற்காகக் கேமராவை அண்ணாந்து வைக்காதீர்கள். தூண்கள் எல்லாம் உள்ளே சரிந்துவிடும். கேமராவை மட்டமாக வைத்து, முன்பக்க லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்துங்கள். இந்தக் கேமராவைச் சுமந்து வருவதே அதற்காகத்தான்.

பிரதிபலிப்பில் இன்னொரு சிக்கல். தண்ணீருக்குள் தெரியும் மரத்தைக் கூர்மையாக்க, தண்ணீரின் மேற்பரப்பில் ஃபோகஸ் செய்கிறார்கள். மேற்பரப்பில் மிதக்கும் இலைதான் கூர்மையாகும். பிரதிபலிப்புக்கான தூரம், உங்களிடமிருந்து தண்ணீர் வரைக்கும், அங்கிருந்து மரம் வரைக்கும் உள்ள மொத்தத் தூரம். ஆகவே மிதக்கும் இலையும் பிரதிபலிக்கும் மரமும் ஒருசேர வேண்டுமென்றால், காலடிக்கும் தூரத்து மரத்துக்கும் இடையே கூர்மையின் ஆழம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் இதற்கும் வேண்டும்.

ஃபிலிமை அதிகமாக வீணாக்குவது எக்ஸ்போஷர் கணக்குதான். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆறடி தூரத்தில் ஒரு சைப்ரஸ் முட்டி, அதாவது வேரிலிருந்து தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்குமே, அது. 300 மி.மீ. லென்ஸ். லைட் மீட்டர் 8 நொடி என்கிறது. மஞ்சள் ஃபில்டர் போட்டிருப்பதால் இரு மடங்கு, 16 நொடி. அவ்வளவு அருகே ஃபோகஸ் செய்ய பெல்லோஸை, அதாவது லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள துருத்தியை, 360 மி.மீ. வரை இழுத்திருப்பீர்கள். 360-ஐ 300-ஆல் வகுத்து வரும் 1.2-ஐ அதாலேயே பெருக்கினால் 1.44. ஆக 23 நொடி. இதோடு நிறுத்திவிட்டால் நெகட்டிவ் வெளுத்துப்போய்த்தான் வரும். ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பிவிடுகிறது, வெளிச்சத்தை முழுதாக வாங்குவதில்லை. இல்ஃபோர்டின் எஃப்பி4 பிளஸ் ஃபிலிமுக்கு நொடியை 1.26 அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது அந்த நிறுவனத்தின் தாள். 23 நொடி 52 நொடி ஆகிறது. அவர்களின் இன்னொரு ஃபிலிமான ஹெச்பி5 பிளஸுக்கு அந்த எண் 1.31. வரிசையும் முக்கியம்: ஃபில்டர், பெல்லோஸ் இரண்டையும் முதலில் பெருக்கிவிட்டு, ஃபிலிமின் சோம்பலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் இதே கணக்கில் 40 நொடிகூட வராது. ஒரு சிறிய அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொசு மொய்க்கும்போது யாருக்கும் மனக்கணக்கு வராது.

ஃபில்டரைப் பற்றிச் சொன்னதால் சிவப்பு ஃபில்டரையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் மேகத்துக்கு அது அருமை. காட்டுக்குள் அது வேண்டாம். நிழலுக்குள் வரும் வெளிச்சம் பெரும்பாலும் வானத்தின் நீலம். சிவப்பு ஃபில்டர் அந்த நீலத்தையும் தடுக்கும், இலையின் பச்சையையும் கருக்கும். நெகட்டிவில் நிழல்கள் வெறும் கண்ணாடியாக இருக்கும். மஞ்சள், அல்லது மஞ்சள் கலந்த பச்சை போதும். போலரைசரையும் யோசித்துப் போடுங்கள். இலைப் பளபளப்பைக் குறைக்க அதைச் சுழற்றும்போது, எதற்காக இறங்கி வந்தோமோ அந்தப் பிரதிபலிப்பே காணாமல் போகலாம்.

ஈரப்பதம் மெல்லக் கெடுக்கும் எதிரி. ஏசி போட்ட காரிலிருந்து லென்ஸை எடுத்த உடனே பனி படர்ந்துவிடும். அதைத் துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்பப் படரும். கடைசி அரை மணி நேரம் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுவதே நல்லது. ஐஸ் பெட்டியில் வைத்த ஃபிலிமையும் உறையோடு வெளிச்சூட்டுக்குப் பழகவிட்ட பிறகே திறக்க வேண்டும். ஃபோகஸ் பார்க்கக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் உங்கள் மூச்சே கிரவுண்ட் கிளாஸை மங்கலாக்கும். ஒரு நாள் நெற்றி வியர்வை ஹோல்டரின் விளிம்பில் சொட்டியதை நான் கவனிக்கவில்லை. அந்த ஃபிலிமில் வானம் முழுக்க ஒரு கறை, திரும்ப எடுக்கக் கிடைக்காத வெளிச்சம். அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டாமல் இறங்குவதில்லை. எடுத்த ஃபிலிம், எடுக்காத ஃபிலிம் குழப்பமும் அங்கேதான் நேரும். ஹோல்டரை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் எடுக்காதது, கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்தது. எவ்வளவு களைப்பிலும் இதை மாற்றாதீர்கள்.

அலிகேட்டர் முதலையைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். வறண்ட காலத்தில் தண்ணீர் தேங்கும் ஆழமான குழிகள் அவற்றின் வீடு, அங்கே இறங்காதீர்கள். கோடையில் கூட்டுக்குக் காவல் இருக்கும் தாய் முதலையை நெருங்காதீர்கள். உணவு போடுவது ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றம். மனிதனைக் கண்டு பயப்படாத முதலையை அது உருவாக்குகிறது. உண்மையில் அதிகமாகக் காயம் உண்டாக்குவது பாறை கரைந்து உண்டான ஓட்டைகள். ஒரு நீளக் கம்பை முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தால் கணுக்கால் தப்பும். மரக்கட்டையைத் தாண்டும்முன் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள், நீர்ப் பாம்புகள் அங்கே வெயில் காயும். ஜிபிஎஸ் இல்லாமல் போகாதீர்கள். மேகம் மூடிய நாளில் நான்கு திசையும் ஒன்றுபோல இருக்கும், திரும்பி வரும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

பக்கத்து ஃபகாஹாட்சி காட்டில் பேய் ஆர்க்கிட் என்றொரு செடி உண்டு. இலையே கிடையாது, மரத்தில் ஒட்டிய வேர்கள் மட்டும்தான். பூக்கும்போது காற்றில் ஒரு வெள்ளை உருவம் மிதப்பது போலத் தெரியும். திருடி விற்கிறார்கள் என்பதால் அது பூத்த மரம் எங்கே என்று தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. படத்தை இணையத்தில் போடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். நல்ல கோணத்துக்காக ஒரு கிளையை ஒடிப்பதும், ஒட்டுச்செடியைப் பிய்த்து வேறிடத்தில் வைப்பதும் நான் கண்ணால் பார்த்தவை. தயவுசெய்து செய்யாதீர்கள். கிளை மறைத்தால் கேமராவை நகர்த்தலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிலிமைக் கழுவும் ஆசைதான் வரும். அதற்கு முன் ட்ரைபாடின் கால்களை முழுதாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். பூட்டுகளுக்குள் புகுந்த சுண்ணாம்புச் சேறு காய்ந்தால் அடுத்த முறை கால் நீளாது. பெல்லோஸையும் திறந்தே காயவிடுங்கள், மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தபின் இருட்டறையில் உள்ளே ஒரு டார்ச் விளக்கை வைத்துச் சுற்றிலும் பாருங்கள். மூலைகளில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே கறுப்பு டேப் ஒட்ட வேண்டும்.