நீலநாக்கு நோய்: நலமாக நிற்கும் மாட்டை நம்பிச் செய்யும் தவறு

இந்தப் பருவத்தில் என்னுடன் பணிக்கு வந்த இளம் கால்நடை மருத்துவர் இருவர், ஒரு செம்மறிக் கிடையில், சிறுகொசு கடித்துப் பரவும் வைரஸ் நோயான நீலநாக்கைச் சரியாகவே கண்டறிந்தார்கள். உதடும் முகமும் வீங்கி, மூக்குச்சளி காய்ந்து பொருக்குத் தட்டி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து, நிற்க முடியாமல் முழங்காலிட்டு மேய்ந்த ஆடுகளைப் பார்த்தபோது, கோமாரி என்றோ ஆட்டுக்கொல்லி என்றோ அவர்கள் தடுமாறவில்லை. ஆனால் அதன் பிறகு, நலமாக நிற்கும் மாடுகளை வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவர்கள் சொன்ன ஆலோசனை, பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே தவறான ஆலோசனை. அதனால்தான் இதை எழுதுகிறேன். செத்த ஆட்டை ஆழப் புதைக்க வேண்டும், நோயுற்ற ஆட்டை நிழலில் கட்டி மென்மையான தீவனம் கொடுக்க வேண்டும் என்பன போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

அன்று நான் பார்த்த கிடையில் செம்மறிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தொழுவத்தில் 7 மாடுகள் எந்தக் குறையும் இல்லாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றன. "மாடுகளையாவது காப்பாற்றிக் கொடுங்கள் ஐயா" என்று உரிமையாளர் கேட்டார். ஒவ்வொரு மாட்டுக்கும் காய்ச்சல் பார்த்தேன். வாயைத் திறந்து ஈறையும் நாக்கையும் பார்த்தேன். நடக்கவிட்டுக் குளம்பைப் பார்த்தேன். ஒன்றிலும் நோய்க்குறி இல்லை. 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த அவருடைய தம்பியின் தொழுவத்துக்கு அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். அந்தத் தம்பியும் செம்மறி வளர்ப்பவர் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இருபதாம் நாள் காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார். அவருடைய கிடையிலும் முதல் ஆட்டின் உதடு வீங்கியிருந்தது.

அந்த இருபது நாளை அன்று மாலையே நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். ஆட்டுக்குள் வைரஸ் புகுந்து நோய்க்குறி தெரியச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதற்கு முன், மாட்டின் இரத்தத்தைக் குடித்த கியூலிக்காய்டிஸ் என்னும் சிறுகொசுவின் குடலிலிருந்து வைரஸ் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால், மாடுகள் போய் இறங்கிய முதல் சில இரவுகளிலேயே அங்கிருந்த சிறுகொசுக்கள் அவற்றைக் கடித்திருக்கின்றன என்பது தெளிவாகிவிடுகிறது. தானாகப் பறந்தால் சில கிலோமீட்டரைத் தாண்டாத பூச்சிக்கு, 40 கிலோமீட்டர் தொலைவுக்கு நானே வைரஸைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். பிறகு அந்த 7 மாடுகளின் இரத்தத்தையும் சோதித்தபோது இரண்டில் வைரஸ் இருந்தது.

நீலநாக்கு வைரஸ் மாட்டின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு, எதிர்ப்புப் பொருள்கள் உருவான பிறகும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உலகக் கால்நடை நலவாழ்வு அமைப்பு இந்தத் தொற்றுக் காலத்தை 60 நாள் என்று வைத்திருக்கிறது. அந்த நாள்களில் பெரும்பாலான மாடுகள் தீவனம் தின்னும், பால் கறக்கும், காய்ச்சல் கூடத் தெரியாமல் போகலாம். விதிவிலக்கும் உண்டு: 2006 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளில் தோன்றிய இந்த வைரஸின் 8ஆம் உள்வகை மாடுகளையும் நோயில் தள்ளியது, கருவிலிருந்த கன்றுகளுக்கும் தொற்றியது. ஆனால் நாம் வழக்கமாகக் காணும் மாடு நோயைக் காட்டாத மாடுதான். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு "நோயற்றது" என்று எழுதித் தரும் சான்றைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் அந்தக் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இந்த முறை வண்டி புறப்படும் முன்பே செய்தி எனக்கு எட்டியதால் நிறுத்த முடிந்தது. மாடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தி சாய்வதற்குள் அவற்றை உள்ளே கட்டினோம், உடம்பில் பூச்சிவிரட்டி தடவினோம், இரத்தம், வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை ஒரு கன்றுகூட வெளியே போகவில்லை.

கொசுவலையை நம்புவது

1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி சாதாரணக் கொசுவலைக் கண்ணில் எளிதாக நுழைந்துவிடும்.

குளத்தைப் பார்த்துவிட்டுச் சேற்றை விடுவது

கொசு என்றவுடன் எல்லோரும் தேங்கிய நீரைத் தேடுகிறார்கள். இந்தச் சிறுகொசுவில் பல இனங்கள் முட்டையிடுவது சாணமும் சிறுநீரும் கலந்த ஈரமண்ணில். தண்ணீர்த் தொட்டி கசியும் இடத்தில், மாடு மிதித்து மிதித்துக் குளம்புக் குழியாகிப்போன அந்த ஓரடிச் சேற்றை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள்; விரலிடுக்கில் மண் கறுத்து, வழுவழுப்பாக, நாற்றமடிக்கும். முதலில் அந்தக் கசிவை அடைத்து, அங்கே காய்ந்த மண்ணைக் கொட்டி மேடாக்குங்கள்.

ஊசியை மாற்றாமல் குத்துவது

இரத்தம் ஒட்டிய ஊசியாலும் இந்த வைரஸ் பரவும். ஆட்டுக்கு ஓர் ஊசி.

நோய் வந்த பிறகு தடுப்பூசிக்கு ஓடுவது

நீலநாக்கு வைரஸில் இருபதுக்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. ஓர் உள்வகைக்கான தடுப்பூசி மற்றொன்றுக்கு முழுப் பாதுகாப்புத் தராது. எனவே எந்த உள்வகை சுற்றுகிறது என்று தெரியாமல் போடும் ஊசியால் பயன் உறுதியில்லை. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன தடுப்பூசியைப் பூச்சிப் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிட வேண்டும். உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸால் ஆன தடுப்பூசியில் இன்னும் கவனம் தேவை: இளஞ்சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டியின் மூளை குறைபடலாம், பூச்சி மிகுந்த பருவத்தில் போட்டால், அந்தத் தடுப்பூசி வைரஸையே சிறுகொசுக்கள் அடுத்த ஆட்டுக்குக் கொண்டுபோகக் கூடும்.

எல்லாப் பூச்சிநோய்க்கும் ஒரே கணக்குப் போடுவது

மேலே சொன்ன 10 நாள் கணக்கை, மாடுகளுக்கு வரும் மற்றொரு வைரஸ் நோயான தோல் கழலை நோய்க்குப் பொருத்திப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அங்கே வைரஸ் பூச்சிக்குள் பெருகக் காத்திருப்பதில்லை. தொழுவ ஈயும் கொசுவும் தங்கள் வாயுறுப்பில் ஒட்டிய வைரஸை உடனே அடுத்த மாட்டில் குத்திவிடும். பாதி இரத்தம் குடிக்கும்போது வாலடி பட்டு விலகிய ஈ, அடுத்த மாட்டில் போய் உட்கார ஒரு நிமிடம் போதும். ஆகவே தோல் கழலை கண்ட தொழுவத்தில் ஈயை ஒழிக்கும் வேலை அன்றைக்கே தொடங்க வேண்டும்.