மின்கட்டண அட்டை, துளையிட்ட பாட்டில்: சார்புகளைச் செயல்திட்டங்கள் வழியே கற்பிக்கும் முறை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயலே உறவுகளும் சார்புகளும் என்பதால், மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம், நிழல் உரு, முன் உரு ஆகிய சொற்களை மாணவர்கள் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சந்திக்கிறார்கள். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு வெளியீட்டைத் தரும் விதியே சார்பு. இரண்டு வட்டங்களுக்கு இடையே அம்புக்குறிகளை வரைந்து, இது சார்பு, இது சார்பன்று என்று பிரித்துச் சொல்வதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருப்பதில்லை. ஆனால் மதிப்பகம், அதாவது விதிக்குக் கொடுக்கத்தக்க உள்ளீடுகளின் தொகுப்பு, எதற்காகத் தேவைப்படுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதில் மாணவர்களின் குற்றம் எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் மதிப்பகம் ஏற்கெனவே எழுதித் தரப்பட்டிருக்கிறது. அதை முடிவு செய்யும் பொறுப்பு அவர்களிடம் ஒருபோதும் வந்ததில்லை. அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே நான் செயல்திட்டங்களைப் பயன்படுத்துகிறேன். ஒரு பொருளையோ ஒரு கட்டண முறையையோ கையில் எடுத்துக்கொண்டவருக்கு, விதி எங்கே தொடங்குகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்க முடியாது.

செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அந்த விதி எந்த இடத்திலாவது மாறுகிறதா அல்லது முறிகிறதா என்பதைத்தான். ஒரு பேனா 10 ரூபாய் என்றால் ஐந்து பேனாவின் விலை என்ன என்பது போன்ற சூழல் அன்றாட வாழ்க்கையிலிருந்து வந்ததாகவே இருந்தாலும், சார்பைப் பற்றி அது எதையும் கற்பிப்பதில்லை. உள்ளீட்டை மாணவர்களே அளக்கவோ எண்ணவோ முடிய வேண்டும் என்பது அடுத்த தேவை. நான்கு பேர் கொண்ட குழுக்களும் இரண்டு வார அவகாசமும் போதும். விதியை முதலில் தமிழ் வாக்கியமாக எழுதிய பிறகே குறியீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சார்புக்கு இன்று நாம் எழுதும் குறியீட்டை ஆய்லர் 1734-ஆம் ஆண்டுவாக்கில்தான் கொண்டுவந்தார்; அதற்கு முன்பும் கணிதர்கள் ஓர் அளவு இன்னோர் அளவைச் சார்ந்து மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

தொடக்கமாக ஒரே பாடவேளையில் முடியக்கூடிய ஆட்டோ கட்டணக் கணக்கைக் கொடுக்கலாம். 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணத்தின்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். பெரும்பாலான குழுக்கள் 'கட்டணம் = 25 + 12 × (தொலைவு − 1.8)' என்று எழுதி முடித்துவிடும். 5 கிலோமீட்டருக்கு அது 63 ரூபாய் 40 காசு என்று சரியாகவே விடை தரும். அந்த நேரத்தில் 1 கிலோமீட்டருக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். விடை 15 ரூபாய் 40 காசு என்று வரும். குறைந்தபட்சக் கட்டணமே 25 ரூபாயாக இருக்கும்போது இது எப்படி என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். சூத்திரத்தில் பிழை இல்லை, அது 1.8-க்கு மேற்பட்ட தொலைவுகளுக்கு மட்டுமே உரியது என்பதை அவர்களே சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும். மதிப்பகம் என்ற சொல்லை நான் அப்போதுதான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

அடுத்தது மின்கட்டணம். நான் அறிந்தவரை பள்ளி மாணவர்களுக்கு இதைவிட வளமான செயல்திட்டம் வேறில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். கட்டண விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விகிதத்தையே வகுப்பில் பயன்படுத்துங்கள். இங்கே 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தைக் கொண்டு விளக்குகிறேன். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டாலோ 2 ரூபாய் 25 காசு என்ற படியே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய், அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 225, 900, 600 சேர்ந்து 1,725 ரூபாய். 501 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,350, 600, 8 சேர்ந்து 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இந்த எண்ணை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் 50 யூனிட் இடைவெளியில் அட்டவணை தயாரித்து, வரைபடத்தாளில் குறித்து, 500-க்கும் 550-க்கும் இடையே கோடு ஏன் இவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று தேடிப்போய்க் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகும் பலர் 500-ஆவது யூனிட்டின் மேலேயே ஒரு நிமிர்ந்த கோட்டை வரைந்து இரண்டு துண்டுகளையும் இணைத்துவிடுவார்கள். ஒரு நிமிர்ந்த கோடு வரைபடத்தை ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளில் தொட்டால் அது சார்பன்று என்னும் குத்துக்கோட்டுச் சோதனையை நினைவூட்ட வேண்டிய இடம் அது. அந்தக் கோட்டை அப்படியே விட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 முதல் 1,950 வரை எந்தத் தொகையையும் கேட்கலாம் என்று பொருளாகிவிடும். ஓர் உள்ளீட்டுக்கு ஒரே ஒரு வெளியீடு என்ற வரையறை ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பது பணக் கணக்கில் பார்க்கும்போது உடனே விளங்குகிறது.

அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு மேலும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். கட்டணம் பூச்சியம் என்று தெரிந்தால் எத்தனை யூனிட் ஓடியது என்று சொல்ல முடியுமா? 40 யூனிட்டுக்கும் 90 யூனிட்டுக்கும் பூச்சியமே என்பதால் முடியாது. இது ஒன்றுக்கொன்றான சார்பு அன்று. மின்கட்டணமாக 1,800 ரூபாய் செலுத்தும் வீடு இருக்க முடியுமா? இதற்கு விடை காண ஒருமுறை என் வகுப்பு ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொண்டது. கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி தாளின் நிலையச்சில் 1,800-இல் அளவுகோலைக் கிடையாக வைத்து, வலப்புறமாகக் கண்ணை ஓட்டி, "சார், இது எங்கேயும் தொடவே இல்லை" என்றார். வீச்சகத்துக்கு, அதாவது சார்பு உண்மையில் தரும் வெளியீடுகளின் தொகுப்புக்கு, அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் தந்ததில்லை.

ஒன்றைக் கவனத்தில் வைத்திருங்கள். வாடகை வீடுகளில் வசிக்கும் குடும்பங்கள் பல, வீட்டு உரிமையாளரிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் பணம் கொடுக்கின்றன. அந்த மாணவர்களிடம் காட்டுவதற்கு மின் அட்டையே இருக்காது. சொந்த வீட்டுக் கணக்கைக் கொண்டுவரும்படி யாரையும் வற்புறுத்தாமல், கற்பனையான யூனிட் எண்களைக் கொடுத்துவிடுங்கள். விருப்பமுள்ளவர்கள் அந்த வாடகை வீட்டு விதியையும் ஒரு சார்பாக வரையலாம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு. 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய் காட்டும் அந்தக் கோட்டையும் 225 ரூபாய் காட்டும் மின்வாரியக் கோட்டையும் ஒரே தாளில் பார்க்கும் மாணவர், நேரிய சார்பைப் பற்றி மட்டும் கற்றுக்கொள்வதில்லை.

மதிப்பெண் வழங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தின் அழகுக்கு மதிப்பெண் தராதீர்கள். உள்ளீடு எது, அது எந்த எல்லைக்குள் இருக்கலாம், விதியை வாக்கியமாக எப்படிச் சொல்வது, அந்த விதி எங்கே பொய்த்துப்போகிறது ஆகியவற்றுக்கு அறிக்கையில் விடை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முப்படிச் சார்புக்கு அட்டைப்பெட்டி எளிது. 30 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சம அளவுச் சதுரங்களை வெட்டியெடுத்து மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். வெட்டும் அளவு 4 செ.மீ. என்றால் கன அளவு 1,936 கன செ.மீ., 5 என்றால் 2,000, 6 என்றால் 1,944. வெட்டும் அளவு 15 செ.மீ.யைத் தொட்டால் அட்டையே மிஞ்சாது என்பதைக் கத்தரிக்கோலே சொல்லிவிடுகிறது.

நிறைவாக, துளையிட்ட பாட்டில். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சூடேற்றிய ஆணியால் ஏறத்தாழ 4 மி.மீ. விட்டமுள்ள துளையிடுங்கள், இதை ஆசிரியரே செய்வது நல்லது. துளையின் மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு செ.மீ. குறித்த காகிதப் பட்டையை ஒட்டி, 16 செ.மீ. உயரத்துக்கு நீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட வேண்டும். மூடி இறுக்கமாக இருந்தால் நீர் ஒழுங்காக வெளியேறாது. ஒருவர் துளையை அடைத்திருந்த விரலை எடுக்க, இன்னொருவர் கைபேசியில் நேரம் பார்த்து 20 விநாடிக்கு ஒருமுறை குரல் கொடுக்க, மூன்றாமவர் உயரத்தைப் படிக்க, நான்காமவர் எழுதிக்கொள்வார். மூன்று நான்கு நிமிடங்களில் நீர் துளையின் மட்டத்துக்கு வந்துவிடும்.

தொடங்குமுன் வரைபடம் எப்படி வரும் என்று ஒவ்வொருவரையும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் நேர்கோட்டையே வரைவார்கள். கிடைப்பதோ வளைகோடு: மொத்த நேரத்தில் பாதி கடந்தபோதே நீர்மட்டம் 16 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ. உயரத்துக்கு இறங்கியிருக்கும். பாயும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்று டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதியே இதற்குக் காரணம். இப்போது உயரங்களின் வர்க்கமூலங்களைக் கொண்டு புதிய அட்டவணை எழுதச் சொன்னால், 4, 2, 0 என்று சீராகக் குறைந்து, அவர்கள் முதலில் எதிர்பார்த்த நேர்கோடு இந்தத் தாளில் வந்து நிற்கும். ஒரு சார்பின் வெளியீட்டை மற்றொரு சார்புக்கு உள்ளீடாகக் கொடுப்பது என்ன பயன் தரும் என்பதற்கு, சார்புகளின் சேர்ப்பு நடத்தும்போது இந்தத் தாளையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதன்பின் விதியை எழுதச் செய்யுங்கள்: 'உயரம் = 16 × (1 − நேரம் ÷ மொத்த நேரம்)-இன் வர்க்கம்'. இது இருபடிச் சார்பு. இதன் வரைபடம் ஒரு பரவளையம். மொத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரத்தை இதில் பிரதியிட்டால் உயரம் மறுபடியும் 16 செ.மீ. என்று வரும்; அதாவது மேசையில் கொட்டிய நீர் தானாகவே பாட்டிலுக்குள் ஏறி நிற்க வேண்டும். ஆட்டோ கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு 15 ரூபாய் 40 காசு வந்ததை நினைவில் வைத்திருக்கும் குழு, இந்த விடையைப் பார்த்துக் கலங்குவதில்லை. தாளின் மேல் ஓரத்தில், நேரம் பூச்சியத்திலிருந்து மொத்த நேரம் வரை மட்டுமே என்று ஒரு வரியைத் தானாகவே சேர்த்துவிடுகிறது.